நட்டுவாக்காலிய கொலைகாரன்னு எழுதாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல வந்த தேள் செய்திய ரெண்டு தடவ படிச்சேன். மொத தடவ டீக்கடையில, ரெண்டாவது தடவ வீட்டுல கண்ணாடி போட்டுக்கிட்டு. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்கள்ல கருந்தேள் பெருகிப் போச்சு, கொட்டுனா உயிரு போயிடும், கண்ட எடத்துல அடிச்சுடுங்கன்னு எழுதி, கடைசியில அது 40 கோடி வருஷமா மாறவே மாறாத பிராணின்னு முடிச்சிருந்தீங்க. கூட ஒரு படம். அந்தப் படத்துல இருந்தது எங்க தோட்டத்துத் தேளே இல்லீங்க, மஞ்சளா, இடுக்கி மெலிசா, வாலு மட்டும் குண்டா, அது ஏதோ பாலைவனத்துத் தேளு. கருந்தேளப் பத்தி எழுதிட்டு மஞ்சத் தேள் படத்தப் போட்டா படிக்கற சனம் எதப் பாத்து பயப்படறது?

நான் படிச்ச ஆளு கிடையாது, மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தையில 31 வருஷம் பழக்குலை லோரி ஓட்டி ரிட்டயர் ஆனவன் (2007-ல ஊர் பேர பெஸ்தாரி ஜெயான்னு மாத்திட்டாங்க, எங்க வாயில இன்னும் அது நொழையல). ஆனா என் தங்கச்சி மக மரபணு லேப்ல வேல பாக்குது, தேள் லேப் இல்ல, செம்பனை நாத்து லேப். அந்தப் புள்ளக்கு போன் போட்டு உங்க செய்தியப் படிச்சுக் காட்டினேன், பாதியிலயே "மாமா, நிறுத்துங்க மாமா"ன்னுச்சு, அதுக்கப்புறம் மூணு ராத்திரி எனக்குப் பாடம் நடந்துச்சு. அதத்தான் இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், வெட்டறதா இருந்தா என் கதைய வெட்டுங்க, தேள் கதைய வெட்டாதீங்க.

மொதல்ல நான் கண்ணால பாத்தது. நீல டார்ச்லைட் ஒண்ணு, புற ஊதா வெளிச்சம் அடிக்கறது, ஆன்லைன்ல 18 வெள்ளிக்கு வாங்குனேன், அந்த வெளிச்சத்துல தேளு மின்னும்னு அந்தப் புள்ள சொன்னதால. ராத்திரி எட்டரை மணிக்கு பழைய லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டுக்குப் பின்னாடி, மரத்து வரிசைக்கு நடுவுல வெட்டுன மட்டைய அடுக்கி வெச்சிருப்பாங்கல்ல, அந்த அடுக்குக்குப் போனேன், பூட்ஸ் போட்டுக்கிட்டுதான். மட்டை எல்லாம் கருப்பா கெடக்கு, ஒண்ணும் தெரியல, அடியில மண்ணுப் பொந்து வாய்கிட்ட லைட் பட்டதும் பச்சையும் நீலமும் கலந்து ஒரு வெளிச்சம், கலியாண வீட்டு டியூப்லைட்ட ஒடிச்சுப் போட்ட மாதிரி. நல்லா உள்ளங்கை நீளம். நகராம நிக்குது. முதுகுல மட்டும் வெள்ளையா ஏதோ அப்பியிருக்கு, பூஞ்சை புடிச்சிருக்கோன்னு நெனச்சு சாதா டார்ச்ச அடிச்சுப் பாத்தா அத்தனையும் குட்டி, அரிசிப் பொரி மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு, தாயி மின்னற மாதிரி குட்டிங்க மின்னல. மொத தோல் உரிச்சு புதுத் தோல் இறுகினப்புறம்தான் அதுங்களுக்கு அந்த மினுமினுப்பு வரும்னு தங்கச்சி மக சொல்லுச்சு. தேள் குட்டி தாய் வயித்தக் கிழிச்சுக்கிட்டுதான் வெளிய வரும், தாயத் தின்னுட்டுதான் வளரும்னு சின்ன வயசுலருந்து கேட்டு வளந்தவன் நான், அந்தத் தாயி இருபது முப்பது குட்டியச் சுமந்துக்கிட்டு என்னைப் பாத்து வால மட்டும் லேசா தூக்குச்சு, அவ்வளவுதான். நான் தான் பின்னால போனேன்.

இந்தக் கருந்தேளுக்கு நம்ம தமிழ்ல நட்டுவாக்காலின்னு அழகா பேர் இருக்கு, உங்க செய்தியில எங்கயுமே அந்தப் பேர் இல்ல. மலாய்க்காரங்க தேளு எல்லாத்தையும் காலா ஜெங்கிங்ன்னுதான் சொல்லுவாங்க. அறிவியல்ல இதோட பேரினம் ஹெட்டெரோமெட்ரஸ், தீபகற்பத்துல நாம பாக்கற பெருசுல ஒண்ணு ஹெட்டெரோமெட்ரஸ் ஸ்பினிஃபர், 1828-லயே எஹ்ரன்பெர்க்ங்கற ஜெர்மன்காரர் பேர் வெச்சது. கொட்டுனா குளவி கொட்டுன மாதிரி வலிக்கும், வீங்கும். அதுக்கு மேல கொலை கேஸு எதுவும் அது மேல கெடையாது.

இப்ப எங்க பாட்டி கதைக்கு வரேன். பாட்டி நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறி பினாங்குல எறங்குனவங்க. எனக்கு ஒம்பது வயசுல லயத்து வீட்டுல கதவு மூலையில தொங்குன சட்டைய எடுத்துப் போட்டேன், உள்ள இருந்த சின்னப் பழுப்புத் தேள் தோள்ல கொட்டிடுச்சு, அந்தச் சட்டை என் அண்ணன் சட்டை, கேக்காம எடுத்தது, அதனால திருடனுக்குத் தேள் கொட்டுன கதைதான், கத்தவும் முடியல. பாட்டிதான் மூஞ்சியப் பாத்து கண்டுபுடிச்சு புளிய வெச்சுத் தேச்சாங்க (புளி ஒண்ணும் பண்ணாதுன்னு இப்பத் தெரியும், ஆனா அந்தக் கை பண்ணுச்சு). தேச்சுக்கிட்டே சொன்னாங்க, "அழாதடா, இது நம்ம ஊர் தேளுதான், நம்மகூடவே கப்பல்ல வந்துச்சு, கருந்தேளும் அப்படித்தான், இந்தக் காட்டுல ஏது தேளு."

அத நான் அம்பது வருஷமா பாட்டி கதைன்னுதான் வெச்சிருந்தேன். மூணாவது ராத்திரி போன்ல இதச் சொன்னேன், சிரிக்கும்னு பாத்தா அந்தப் புள்ள ஒரு நிமிஷம் பேசாம இருந்துட்டு, "மாமா, பாட்டி பாதி சரி, ஆனா எந்தப் பாதின்னு கேட்டா ஆச்சரியப்படுவீங்க"ன்னுச்சு.

அதச் சொல்றதுக்கு முன்னாடி டிஎன்ஏவ வெச்சு சொந்தபந்தம் எப்படிக் கண்டுபுடிக்கறாங்கன்னு சொல்லணும், அந்தப் புள்ள சொன்ன லேப் பாஷை எனக்கு ஏறல, நானா ஒரு உதாரணம் வெச்சுக்கிட்டேன், சரியான்னு கேட்டேன், சரிதான்னுச்சு. எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்ல பஜனைப் பாட்டு நோட்டு ஒண்ணு இருந்துச்சு. அதப் பாத்து கங்காணி மகன் ஒரு நோட்டு எழுதுனாரு, ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) ஒரு நோட்டு எழுதுனாரு. கங்காணி மகன் ஒரு எடத்துல வேலவாங்கறத வேளவான்னு எழுதிட்டாரு. கிராணி ஒரு பாட்டுல ஒரு அடிய முழுசா விட்டுட்டாரு. மேல் லயத்துக்காரங்க எல்லாரும் கங்காணி மகன் நோட்டப் பாத்து எழுதிக்கிட்டாங்க, கீழ் லயத்துக்காரங்க கிராணி நோட்டப் பாத்து. இன்னிக்கு அட்டை கிழிஞ்ச பத்து நோட்ட எங்கிட்ட குடுத்தீங்கன்னா எது எதப் பாத்து எழுதுனதுன்னு தப்ப வெச்சே அடுக்கிடுவேன். அடி விட்டுப்போன நோட்டு எல்லாம் ஒரு குடும்பம், வேளவா நோட்டு எல்லாம் ஒரு குடும்பம். டிஎன்ஏவும் தலைமுறை தலைமுறையா பாத்து எழுதற நோட்டுதான், நாலே எழுத்து, எழுதறப்ப அங்கங்க தப்பு விழும், விழுந்த தப்பு புள்ள குட்டிக்கெல்லாம் போகும்.

ஆனா ஒண்ணு, லகரம் ளகரம் தப்பு யாருக்கு வேணும்னாலும் வரும், கீழ் லயத்துல ஒருத்தர் சொந்தமாவே வேளவான்னு எழுதியிருக்கலாம், அத மட்டும் வெச்சு அவர மேல் லயத்துல சேத்தா தப்பு. அதனாலதான் ஒரு எழுத்து ரெண்டு எழுத்த நம்பாம ஆயிரக்கணக்கான எடத்த ஒப்பிட்டுப் பாக்கறாங்க. உடம்ப வெச்சுப் பாக்கறப்பவும் இதே தொல்லைதான், மண்ணு தோண்டி வாழற தேளுக்கு இடுக்கி பெருசாத்தான் வளரும், அது எந்த வம்சமா இருந்தாலும். ரெண்டு தேளுக்கு இடுக்கி ஒரே மாதிரி இருக்குன்னா அண்ணன் தம்பின்னு அர்த்தம் இல்ல, ஒரே வேல செய்யறாங்கன்னு அர்த்தமா இருக்கலாம். குலை வெட்டறவங்க எல்லாருக்கும் தோள் பட்டை ஒரே மாதிரி இருக்கும், அதுக்காக அவங்க எல்லாம் ஒரு தாய் புள்ளையா?

நூறு நூத்தம்பது வருஷத்துக்கு மேல தேள வகைப்படுத்துனது எல்லாம் அப்படி உடம்ப வெச்சுத்தான். இடுக்கியில இருக்கற நுண்ணு முடி எத்தன, எந்த எடத்துல, நெஞ்சுத் தகடு முக்கோணமா அஞ்சு மூலையா, அடியில சீப்பு மாதிரி ஒரு உறுப்பு இருக்கு, தேளத் தவிர வேற எதுக்கும் இல்லாதது, அதுல எத்தன பல்லு, இப்படி எண்ணி எண்ணி. மட்டமான வேல இல்லீங்க அது, கண்ணு போற வேல. ஆனா 2015-ல பிரசாந்த் சர்மான்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிங்களும் பல குடும்பத்துத் தேளோட ஆயிரக்கணக்கான ஜீன ஒண்ணா வெச்சுப் பாத்தப்ப பழைய பட்டியல்ல நெறைய எடம் ஒத்து வரல, ஒரே வீட்டுக்காரங்கன்னு நெனச்சதுங்க வேற வேற வீடா இருந்துச்சு. மொத்தத் தேளும் ரெண்டு பெரிய கிளையா பிரியுதுன்னு தெரிஞ்சுச்சு, ஒரு பக்கம் பியூதிடேன்னு சொல்ற குடும்பமும் அதோட ரெண்டு சின்ன சொந்தமும், இன்னொரு பக்கம் மிச்சம் எல்லாம். உலகத்துல 2,500-க்கு மேல தேள் இனம் இருக்கு, அதுல மனுசன சாகடிக்கறதுன்னு பேர் எடுத்தது கிட்டத்தட்ட எல்லாமே அந்த பியூதிடே குடும்பம்தான். உங்க படத்துல இருந்த மஞ்சத் தேளும் பாத்தா அந்தக் குடும்பத்து ஆளுதான். எங்க நட்டுவாக்காலி அடுத்த கிளை. இவனுக்கும் அவனுக்கும் பங்காளி சண்டைக்குக் கூட சம்பந்தம் இல்லாத தூரம்.

இப்ப பாட்டி விஷயம். நியூயார்க்ல இருக்கற அமெரிக்க இயற்கை வரலாற்று மியூசியத்துல ஸ்டெஃபனி லோரியா, லொரென்சோ பிரெண்டினின்னு ரெண்டு பேர், நம்ம ஆசியக் காட்டு நட்டுவாக்காலி வம்சத்த மட்டும் எடுத்து உடம்பு அடையாளத்தையும் டிஎன்ஏவையும் சேத்து வெச்சு அலசி 2020-ல வெளியிட்டாங்க. அதுல அவங்க சொல்றது இது. இந்த வம்சத்துக்கு ஒண்ணு விட்ட சொந்தம் ஆப்பிரிக்காவுல இருக்கு, அங்க எம்பரர் தேள்னு ஒரு பெருங்கருப்பு, செல்லப் பிராணிக் கடையில எங்க தோட்டத்துத் தேளையும் அதையும் மாத்தி மாத்தி விப்பாங்க, அப்படி ஒரு சாயல். ஆப்பிரிக்காவ விட்டுப் பிரிஞ்ச இந்திய நிலம் தெப்பம் மாதிரி வடக்க நகந்துச்சு, அதுல இந்த வம்சமும் இருந்துச்சு. டைனோசர் அழிஞ்ச காலத்துல, சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி, அதுல ஒரு கிளை ஒடுங்கிப் போயி மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இலங்கை மலையிலயும் மட்டும் தப்பிச்சுக் கெடந்துச்சு. இந்திய நிலம் ஆசியாவ முட்டப் போற வழியில சுமாத்ராவோட மேற்குப் பக்கத்த உரசிக்கிட்டுப் போச்சு, அப்ப ஒரு தடவ தேளு இந்தப் பக்கம் எறங்குச்சு. அப்புறம் இந்தியா ஆசியாவ நெருங்க நெருங்க இன்னும் ரெண்டு தடவ. மொத்தம் மூணு தடவ தெற்காசியாவுலருந்து தென்கிழக்காசியாவுக்கு வந்திருக்கு, ஐயா, மூணு தடவ!

இதக் கேட்டுட்டு நான் வெளிய வந்து அஞ்சடியில (வீட்டு முன் நடையில) கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன். கருந்தேளு அந்தப் பக்கத்துலருந்து வந்ததுன்னு பாட்டி சொன்னது நெசம். கப்பல்ல வந்துச்சுன்னு சொன்னதுதான் தப்பு, நிலமே கப்பலா வந்திருக்கு. அப்பவே வந்து எறங்குனவன, நேத்து வந்த நாம, கண்ட எடத்துல அடின்னு எழுதறோம்.

பழசுல இந்த வம்சம் மொத்தத்துக்கும் ஹெட்டெரோமெட்ரஸ்னு ஒரே பேருதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. எல்லாம் கருப்பு, எல்லாம் குண்டு இடுக்கி, வெளியப் பாத்தா வித்தியாசம் தெரியாது. அந்த 2020 வேலையில அத உடைச்சு பல பேரினமாக்கிட்டாங்க, பேரப் பாருங்க, டெக்கனோமெட்ரஸ், சஹ்யாத்ரிமெட்ரஸ், ஸ்ரீலங்காமெட்ரஸ், ஜவானிமெட்ரஸ், அந்தந்த ஊர் மண்ணோட பேரு. இருக்கறதுலயே பெருசு, 20 சென்டிமீட்டருக்கு மேல வளரறது, ஜிகாண்டோமெட்ரஸ், அது இந்தியா இலங்கைப் பக்கத்துது. ஹெட்டெரோமெட்ரஸ்ங்கற பழைய பேரு நம்ம பக்கத்துத் தேளுக்குத்தான் தங்குச்சு. அதாவது ஊர்ல இருக்கற பங்காளிங்க எல்லாம் புதுப் பேர் வாங்கிக்கிட்டாங்க, குடியேறி வந்தவன்கிட்டதான் தாத்தா பேரு இருக்கு. எங்க தோட்டத்துலயும் அப்படித்தான், ஊர்ல யாரும் இப்ப வெக்காத குலசாமி பேரெல்லாம் இங்க நாலு பேருக்கு இருக்கும்.

மாறாத பிராணின்னு எழுதுனீங்களே, அதுக்கு வரேன். தேள் மாதிரி உருவம் 40 கோடி வருஷத்துக்கு முந்தின கல்லுல கெடைக்குது, அது சரி. ஆனா வெளி உருவம் அப்படியே இருக்குன்னா உள்ளயும் அப்படியேன்னு எப்படி சொல்றது? சீனாவுல மருந்துக்கு வளக்கற ஒரு தேளோட மரபணுத் தொகுதிய முழுசா படிச்சு 2013-ல வெளியிட்டாங்க, அதுல புரோட்டீன் செய்யற ஜீன் 32,016, நமக்கு சுமார் 20,000. ஜீன் குடும்பங்க கூடறதும் கழியறதும் பூச்சிங்கள விட அதுல வேகமா நடக்குதாம். 2017-ல இன்னொரு சேதி, அமெரிக்க மரப்பட்டைத் தேளு ஒண்ணையும் வீட்டுச் சிலந்தி ஒண்ணையும் ஒப்பிட்டாங்க, ரெண்டுலயும் ஒரே மாதிரி ஜீன் தொகுதி ரெண்டு ரெண்டா இருக்கு, உண்ணியிலயும் பூச்சியிலயும் அப்படி இல்ல. அதாவது சிலந்திக்கும் தேளுக்கும் பொதுவா இருந்த ஒரு பாட்டன் காலத்துல, 40 கோடி வருஷத்துக்கும் முன்னாடி, நோட்டு மொத்தமும் ரெண்டு காப்பியா ஆயிடுச்சு. தேளு கடலருந்து நேரா ஏறுன தனிப் பெரியண்ணன்னு ஒரு பழைய எண்ணம் இருந்துச்சு, இப்ப பாத்தா அது சிலந்திக்குப் பக்கத்து வீடு, ரெண்டும் மூச்சு விடறது புத்தகத் தாள் மாதிரி அடுக்கு நுரையீரல்ல.

கடல்னு சொன்னதும் ஞாபகம் வருது, பெலாங்காஸ், குதிரை லாட நண்டுன்னும் சொல்லுவாங்க. கடலோர சீஃபுட் கடைங்கள்ல சட்டி கவுத்த மாதிரி கெடக்கும் பாருங்க, முட்டைய சுட்டுத் தருவாங்க, எனக்குப் புடிக்காது. அது நண்டு இனம்னு நெனச்சுத்தான் சாப்புடறாங்க, ஆனா அது தேள் சிலந்தி கூட்டத்துக்குச் சொந்தம். 2019-லருந்து சர்மா குழு மரபணுவ வெச்சு, பெலாங்காஸ் வெறும் சொந்தம் இல்ல, அந்தக் கூட்டத்துக்கு நடுவுலயே ஒரு கிளைன்னு சொல்லிட்டு வராங்க. எல்லாரும் ஒத்துக்கல, இன்னும் சண்டை ஓடுது. ரொம்பப் பழைய காலத்துல சடசடன்னு பிரிஞ்ச கிளைங்கள்ல அந்தச் சின்ன இடைவெளியில விழுந்த எழுத்துத் தப்பு கொஞ்சம்தான் இருக்கும், அதுக்கு மேல கோடிக்கணக்கான வருஷத்துத் தப்பு படிஞ்சு கெடக்கும், பஜனை நோட்டுல மழைத்தண்ணி ஊத்துன மாதிரி. அதனால ஒவ்வொரு குழுவுக்கு ஒவ்வொரு மரம் வருது.

விஷத்துக்கும் இப்படி ஒரு வம்ச வரலாறு உண்டு. பியூதிடே குடும்பத்துல பாலூட்டிங்கள குறி வெச்சுத் தாக்கற நச்சு வெச்சிருக்கற கிளைங்க பெருகுன காலமும், தேளத் திங்கற எலி, மூஞ்சூறு, வவ்வால் மாதிரி பிராணிங்க பெருகுன காலமும் ஒத்துப் போகுதுன்னு 2022-ல எழுதியிருக்காங்க, சுமாரா டைனோசர் போனதுக்கு அப்புறம். கடிக்க வர்றவன் பெருகப் பெருக கொட்டறவன் மருந்த மாத்திக்கிட்டான். இத மாறாத பிராணின்னா சொல்லுவாங்க? நெசமாவே ஆளக் கொல்லற தேள் வேணும்னா இந்தியாவுல செந்தேள் இருக்கு, ஹாட்டன்டோட்டா தமுலஸ், 1798-ல ஃபப்ரீசியஸ் வெச்ச பேருல தமிழே இருக்கு. மகாராஷ்டிராவுல மகாட்ங்கற ஊர்ல டாக்டர் பவஸ்கர், பிரசோசின்ங்கற ரத்தக்கொதிப்பு மாத்திரைய அதுக்குக் குடுத்து எத்தனையோ உயிரக் காப்பாத்துனாரு, 1986-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல அதப் பத்தி எழுதுனாரு. நம்ம நட்டுவாக்காலி அளவுல அதுக்குப் பெரியப்பன் மாதிரி, ஆனா கொல்லறது அந்தச் சின்னவன்தான். தேள்ல பெருசு சிறுசப் பாத்து பயப்படக் கூடாது, இடுக்கி மெலிசா வாலு குண்டா இருந்தா ஒதுங்கு, இடுக்கி குண்டா வாலு மெலிசா இருந்தா பெரும்பாலும் வலியோட போயிடும். இது நூத்துக்கு நூறு சட்டம் கெடையாது, ஈரான்ல ஒரு தேளு இந்தக் கணக்குல அடங்காது. யார எது கொட்டுனாலும், முக்கியமா சின்னப் புள்ளைங்கள, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, அதுல எனக்கு உங்ககிட்ட வாக்குவாதம் இல்ல.

என் தோள்ல கொட்டுனது எதுன்னு கேட்டேன் தங்கச்சி மககிட்ட. அடையாளம் சொன்னேன், விரல் நீளம், பழுப்புல புள்ளி புள்ளியா, ஒட்டடக்குச்சி மாதிரி கைய நீட்டிக்கிட்டு, வீட்டுக்குள்ள துணியில சுவத்துல இருக்கும். ஐசோமெட்ரஸ் மக்குலாட்டஸ்ஸா இருக்கும் மாமான்னுச்சு. அது பியூதிடேதான், ஆனா ஆளக் கொல்லற அளவுக்கு இல்ல. ஆசியாவுல கெளம்பி மனுசன் கப்பல்ல, சரக்கு மூட்டையில ஒளிஞ்சு வெப்ப நாடு பூரா பரவுன தேளு அது, துறைமுகம் இருக்கற எடமெல்லாம் இருக்கும். அப்ப பாட்டி அன்னிக்கு என் தோளத் தேச்சுக்கிட்டே சொன்னது அந்தத் தேளுக்கு அச்சுக்கு அச்சு பொருந்துது. அது ரஜூலாவுலதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா கப்பல்ல வந்த வம்சம்தான்.

இதெல்லாம் தோட்டத்து ஆளுக்கு எதுக்குன்னு உங்களுக்குத் தோணலாம். எங்க ஊர் பக்கத்துல தெனமாரம் எஸ்டேட்டுலதான் 1917-ல இந்த நாட்டுல வியாபாரத்துக்கு மொத செம்பனை நட்டாங்க. அதுக்கு மூலம் 1848-ல ஜாவாவுல பொகோர் தோட்டத்துல வெச்ச நாலே கன்னு. இன்னிக்கு நாத்துலயே பழத்துக் கொட்டை ஓடு தடிப்பா மெலிசான்னு தெரிஞ்சுக்க மரம் காய்க்கற வரைக்கும் வருஷக்கணக்கா காத்திருக்க வேணாம், 2013-ல நம்ம மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்து ஆளுங்களும் சேந்து அந்த ஓட்டு ஜீனக் கண்டுபுடிச்சாங்க, எல துண்டு ஒண்ணு போதும். என் தங்கச்சி மக தெனமும் செய்யற வேல அதுதான். மரத்துக்கு எலயக் கிள்ளி வம்சம் பாக்கறோம், அதே மரத்தடியில கெடக்கற தேளுக்கு மட்டும் நெறத்தப் பாத்து தீர்ப்பு எழுதறோம்.

நான் கேக்கறது ரெண்டுதான். அந்தப் படம் எங்க தோட்டத்துத் தேளு இல்லன்னு நாலு வரி திருத்தம் போடுங்க, போட்டா நட்டுவாக்காலிங்கற பேரோட போடுங்க, எங்க பேரப்புள்ளைங்க அந்தப் பேர ஒரு தடவயாவது அச்சுல பாக்கட்டும். அப்புறம், மட்டை அடுக்கு கிட்ட நான் எடுத்த படம் இதோட வெச்சிருக்கேன், முதுகுல குட்டியோட இருக்கறது. கை ஆடிடுச்சு, கொஞ்சம் மங்கல்தான், போடறதா இருந்தா கீழ கொடியன்னு மட்டும் எழுதிடாதீங்க.

இப்படிக்கு,
பழைய லோரி டிரைவர்,
பத்தாங் பெர்ஜுந்தை.